நகரங்களில் வெப்ப அபாயம்: உஷ்ணத்தை அளந்தால் மட்டும் போதுமா?

நமது நகரங்களின் வெப்ப அபாயத்தைக் காட்டும் வரைபடங்கள் இந்நாட்களில் மிகுதியாகத் தயாராகி வருகின்றன. செயற்கைக் கோள்கள் அளந்தனுப்பும் நிலப்பரப்பின் உஷ்ணத்தை வர்ணங்களாக்கி, மிகச் சூடான பகுதிக்குச் சிவப்பும் தணிந்த பகுதிக்குப் பச்சையும் இடுகிறார்கள். எங்கே மரம் நடுவது, எந்த வார்டில் தண்ணீர்ப்பந்தல் அமைப்பது, எவருடைய கூரைக்கு வெண்சுண்ணம் பூசுவது என்பன இவற்றைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றன. இவை பயனற்றவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் இவற்றுட் பல உஷ்ணத்தின் படங்களேயன்றி அபாயத்தின் படங்களல்ல என்பது என் கருத்து.

இவ்வேறுபாடு சொற்களைப் பற்றிய வெறும் வாதமன்று. தட்பவெப்ப மாறுதலை ஆராயும் பல நாட்டரசுக் குழு 2014ஆம் ஆண்டு அறிக்கையில் மூன்று அம்சங்கள் கூடுமிடத்தில் அபாயத்தை வைத்தது: வெப்பத்தின் கடுமை, அதற்கு உட்படும் மக்கள், அதைத் தாங்கமாட்டாத அவர்களுடைய நலிவு. இத்தகைய அறிக்கைகளைத் தமிழாக்கும் எம் போன்றோர், முதலாவதையும் மூன்றும் கூடிய முடிவையும் ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. பத்திரிகைகளில் அப்படித்தான் நிகழ்கிறது. திட்டம் தீட்டுவோரும் அவ்வாறே செய்துவிடும்போது, இருக்கும் சொற்பப் பணம் வேண்டாத தெருவுக்குப் போய்விடுகிறது.

அகமதாபாத் நகரின் வரலாற்றைப் பாருங்கள். 2010 மே 21ஆம் தேதி அங்கே உஷ்ணம் 46.8 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. அம்மாதத்து மரணப் பதிவுகளை, முன்னும் பின்னுமுள்ள ஆண்டுகளின் மே மாதப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், 1,344 பேர் மிகையாக இறந்தனர் என்று கண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் மரணச் சான்றில் வெப்பம் என்ற சொல்லே இல்லை. மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, முதுமை என எழுதப்பட்டவற்றுள் வெப்பம் மறைந்து கிடந்தது. இக்கணக்கே 2013இல் அந்நகரசபை வெப்ப நடவடிக்கைத் திட்டம் ஒன்றை வகுக்கக் காரணமாயிற்று. தெற்காசிய நகரங்களில் இவ்வகைத் திட்டத்துக்கு அதுவே முன்னோடி.

அதே கோடையில் அந்நகரின் ஒரு மருத்துவமனையில் வெப்பத்தால் நோயுற்ற பச்சிளங் குழந்தைகள் பலர் சேர்க்கப்பட்டனர். பிரசவப் பகுதி கட்டடத்தின் மேல்தளத்தில், வெயில் நேரே காயும் கூரைக்கு அடியில் இருந்தது. பின்னர் அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். இவ்வகைச் சேர்க்கை குறைந்தது. கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் விண்ணிலிருந்து பார்க்கும் கருவிக்கு வித்தியாசமில்லை. ஒரே கட்டடம், வரைபடத்தில் ஒரே புள்ளி. கூரைக்கு நேர்கீழே படுத்திருப்பவர் யார் என்று உள்ளே சென்று பார்த்தவருக்கே அபாயம் தென்பட்டது.

செயற்கைக் கோளின் அளவில் மற்றொரு சிக்கலும் உண்டு. அது காண்பது தரையின் அல்லது கூரையின் மேற்பரப்பை; மனிதன் சுவாசிக்கும் காற்றையன்று. நமது வறண்ட சமவெளிகளில் கோடைப் பகலில், பயிரற்றுக் கிடக்கும் சுற்றுப்புற வயல்களின் மேற்பரப்பு நகரைவிடச் சூடாகத் தோன்றுவதுண்டு. பகற்படத்தை மட்டும் நோக்கும் ஒருவர் நகரம் குளிர்ந்திருக்கிறது என்றே எண்ணிவிடலாம்! இரவில் நிலைமை தலைகீழாகும். பகலெல்லாம் வெப்பத்தை உறிஞ்சிய கான்கிரீட்டும் செங்கல்லும் அதைச் சிறிது சிறிதாக வெளியிட, வயல் ஆறிய பின்னும் நகரம் ஆறுவதில்லை. லண்டன் நகரின் இரவுகள் அருகிலுள்ள நாட்டுப்புறத்தைவிட வெம்மையானவை என்பதை லூக் ஹோவார்ட் சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டெழுதினார். பகல் உழைப்பில் சூடேறிய உடல் இரவில் ஆறவேண்டும். ஆறாமற்போனால் மறுநாளைய வெயில் நேற்றைய களைப்பின்மேல் விழுகிறது. எனவே இரவு உஷ்ணத்தைக் கருதாத மதிப்பீடு பாதி மதிப்பீடே.

வானிலை இலாகா கடலோரப் பகுதிக்கு 37 டிகிரியையும் சமவெளிக்கு 40 டிகிரியையும் வெப்ப அலை அறிவிப்புக்கான குறைந்த எல்லையாகக் கொண்டு, வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு மிகுந்தது என்பதையும் சேர்த்து நோக்குகிறது. கடலோரத்துக்கு எல்லை தாழ்ந்திருப்பது சரியே. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராதபோது உடலுக்கு வேறு கதியில்லை. 2023 ஏப்ரல் 16ஆம் தேதி நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளியில் நடந்த பெருவிழாவில் 14 பேர் உயிரிழந்தனர். அன்றைய உஷ்ணம் 38 டிகிரியை ஒட்டியதே. அகமதாபாத்தில் அது சாதாரண நாள். ஈரக்காற்றும், நிழலின்றிப் பல மணி நேரம் உட்கார்ந்திருந்ததும் சேர்ந்துகொண்டன.

அப்படியாயின் வீடுவீடாகப் போய் அளக்க முடியுமா என்று கேட்கலாம். எல்லா வீட்டிலும் வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கட் கணக்கையொட்டி எடுத்த வீட்டுப் பட்டியலில் கூரை எப்பொருளால் ஆனது, அறைகள் எத்தனை என்ற வினாக்கள் இருந்தன. பழையதாயினும் தகரக் கூரையும் கல்நார்க் கூரையும் செறிந்த இடங்களைக் காட்ட அது உதவும். அத்தகைய தெருக்களில் சில வீடுகளைத் தேர்ந்து, மக்கள் உறங்குமிடத்தில், சுவரையும் அடுப்பையும் விட்டு விலக்கி ஓர் உஷ்ணமானியைத் தொங்கவிட்டு, இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலையிலும் குறிக்கலாம். ஈரத்துணி சுற்றிய குமிழையும் உலர்ந்த குமிழையும் ஒப்பிட்டு ஈரப்பதம் காண்பது பள்ளியிலே கற்பிக்கும் பாடந்தானே. அங்கே முதியோர் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, தண்ணீர் எந்நேரம் வருகிறது, பெண்கள் கதவைத் திறந்துவைத்து உறங்க இயலுமா என்பவற்றையும் கேட்டெழுத வேண்டும். கடைசி வினாவை வரைபடம் தீட்டுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். திறக்க முடியாத ஜன்னல், இல்லாத ஜன்னலுக்குச் சமம்.

கருவிகளை முதலில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். 2024 மே 29ஆம் தேதி டில்லியின் முங்கேஷ்பூரில் தானியங்கி நிலையம் 52.9 டிகிரியைக் காட்ட, நாடெங்கும் அது செய்தியாயிற்று. பின்னர் சோதித்தபோது, அக்கருவி சுமார் 3 டிகிரி மிகையாகக் காட்டியதாக வானிலை இலாகா தெரிவித்தது. தேர்ந்த நிலையத்துக்கே இது நேருமாயின் கடையில் வாங்கிய உஷ்ணமானியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா!

காலத்தைப் பற்றி ஒரு சொல். கோடை விடுமுறையில் பள்ளிகள் மூடியிருக்கும். மாணவரைத் திரட்டுவதும் அரிது. ஆகவே மார்ச்சு மாதத்திலேயே வீடுகளைத் தேர்ந்து, வீட்டாரின் சம்மதம் பெற்று, கருவியைக் கொடுத்து, குறிக்கும் முறையை அங்குள்ள ஒரு பெண்ணுக்கோ சிறுவனுக்கோ பழக்கிவிடுவது நலம். மே மாத இரவுகளில் குறிப்பேடு அவர்கள் கையில் இருக்கும்.