உருளும் கருவிப் பெட்டி: வாங்குமுன் சற்றே சிந்தியுங்கள்!



வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல்லாண்டுகள் உழைத்து ஊர் திரும்பும் நம் சபுராளிகளுள் கைத்தொழில் கற்றவர்கள் பலர் உளர். கூத்தாநல்லூரோ அதிராம்பட்டினமோ பண்டாரவாடையோ, வீட்டின் கொல்லைப்புறத்தில் சிறு பட்டறை ஒன்றை அமைத்துக்கொண்டு எஞ்சிய காலத்தைக் குடும்பத்தோடு கழிக்க அவர்கள் விழைகிறார்கள். அயல்நாட்டுத் தொழிற்கூடங்களில் கண்ட சக்கரம் பூட்டிய இழுப்பறைப் பெட்டி ஒன்றும் அவர்கள் மனத்தில் இடம்பிடித்திருக்கும். வாங்கலாம், தவறில்லை. ஆனால், வழவழப்பான சிமெண்டுத் தளத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பொருள் அது. காவிரிப் படுகையின் வீடுகளுக்கு அது பொருந்துமா என்று பார்த்தே பணத்தை எடுக்க வேண்டும்.

முதலில் தரையைப் பாருங்கள். நம் வீடுகளில் வாசற்படி உண்டு, முற்றம் உண்டு, கொல்லையில் செங்கல் பரப்பிய தரையும் உண்டு. 3 அங்குலச் சக்கரம் இத்தகைய இடங்களில் சிக்கி நின்றுவிடும். 5 அங்குல ரப்பர்ச் சக்கரமே ஏற்றது. நான்கில் இரண்டு எப்பக்கமும் திரும்புவதாகவும், அவற்றில் பிரேக் உள்ளதாகவும் இருத்தல் நலம். நிலைக்கதவின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

அடுத்தது எடைக் கணக்கு. பெட்டி 60 கிலோ, கருவிகள் 120 கிலோ என்றால் மொத்தம் 180 கிலோ. இதை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க, மற்ற மூன்றுமே பாரம் தாங்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரமும் 60 கிலோவேனும் தாங்கவல்லதாக இருக்க வேண்டும்.

தகட்டின் கனத்தையும் கேளுங்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை மறவாதீர்கள். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான். இழுப்பறைகள் பால்பேரிங் சேனலில் ஓடுகின்றனவா என்று, உள்ளே பாரம் வைத்து இழுத்துப் பாருங்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாரம் நிறைந்த இழுப்பறைகள் பலவற்றை ஒருசேர இழுத்தால் பெட்டி முன்புறம் கவிழும். பிள்ளைகள் அவற்றையே படியாக்கி ஏறவும் கூடும். விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறை திறந்திருக்கையில் மற்றவை திறவாதபடி பூட்டிக்கொள்ளும் அமைப்புள்ள பெட்டியையே தேர்ந்தெடுங்கள். சுத்தியல், பெரிய ஸ்பேனர் ஆகியவை அடித்தட்டில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் சாவி பெரியவர் கையில் இருக்கட்டும்.

இனி ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரும்பு துருவேறுவதை நாம் அறிவோம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கருவிகளைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை ஒவ்வோர் அறையிலும் வையுங்கள். நம் முன்னோர் நெல் பத்தாயத்துக்குக் கால் வைத்துத் தரைக்கு மேலே நிறுத்தியதன் நுட்பம் இங்கும் பொருந்தும். டிரில்லிங் மிஷின் போன்ற மின்கருவிகளை நடுத்தட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். வீட்டினுள் நீர் புகுந்தால் முதலில் நனைவது அடித்தட்டே.

2018 நவம்பர் 16ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலை நம் பகுதி எளிதில் மறக்காது. கொல்லைக் கொட்டகையின் கூரை பறந்துபோகும் வேளையில், உள்ளறைக்கு உருட்டிச் செல்ல முடிகிற பெட்டிதான் உண்மையில் உருளும் பெட்டி. வாசற்படியைத் தாண்டாத பெட்டிக்குச் சக்கரம் இருந்தும் பயனில்லை. ஆகவே, அப்படிக்குச் சரிவுப் பலகை ஒன்றையும் இப்போதே செய்து வையுங்கள்.

கடைப்பெட்டி கட்டுப்படியாகாதெனில் கவலை வேண்டாம். பீரோ செய்யும் உள்ளூர்ப் பட்டறையில் மேற்சொன்ன அளவுகளைக் கூறிச் செய்துதரக் கேட்டுப் பாருங்கள். கருவி சிலவே உள்ளவருக்குக் கையில் தூக்கும் பெட்டியே போதும்.

இறுதியாக, மேல் அறை ஒன்றை இரவல் வாங்கிய கருவிகளுக்கென ஒதுக்குங்கள். அண்டை வீட்டாரின் ஸ்பேனர் நம்மிடம் உள்ள அமானிதம். அது நம் பொருள்களோடு கலந்து மறைந்துவிடாமல் உரியவரிடம் திரும்பச் சேருவதற்கும் இப்பெட்டி உதவட்டும்!