மாற்றம் எல்லாம் மேம்பாடு ஆகுமா?

இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் பற்றாசுப் புகை மணக்கும் அறை ஒன்று பெரும்பாலும் இருக்கும். மேசை விளக்கின் கீழ் உள்ளங்கை அளவே ஆன ஒரு மின்சுற்றுப் பலகை; பக்கத்தில் சால்டரிங் அயன், இடுக்கி, பழைய தலையணி ஒலிபெருக்கி. தபாலில் வந்த பாகங்களைத் தானே பொருத்திக்கொள்ளும் டிஏசி கருவி அது. கணினியில் எண்களாகக் கிடக்கும் இசையைக் காது கேட்கக்கூடிய மின்னலையாக மாற்றித் தருவது அதன் வேலை. கருவி முதல்முறை பாடிய இரவு மகிழ்ச்சியாகக் கழிகிறது. மறுவாரமே ஒரு கேள்வி எழுகிறது: இதிலுள்ள மின்தேக்கிகளைக் கழற்றிவிட்டு உயர்ந்த ரகம் போட்டால் என்ன?

இந்த வேலைக்கு ஆர்வலர் வட்டாரத்தில் வழங்கும் பெயர் 'அப்கிரேடு', அதாவது மேம்பாடு. சிக்கல் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. ஒரு மின்தேக்கியை எடுத்து இன்னொன்றை வைப்பது மாற்றம் மட்டுமே. அது மேம்பாடா என்பது சோதனைக்குப் பின் சொல்ல வேண்டிய தீர்ப்பு. அத்தீர்ப்பைச் செயலுக்கு முன்பே பெயராகச் சூட்டிவிட்டால், பிறகு கேட்கும் காது அப்பெயருக்குச் சாட்சி சொல்லும் வேலையையே செய்யும். ஆய்வுலகில் இருப்போர் இதை ஒரு பொழுதுபோக்கின் குறையாகக் கருதிக் கடந்துபோக முடியாது. கருதுகோளையே முடிவாக எழுதிவிட்டுத் தரவு தேடும் பழக்கம் விடுதி அறைகளோடு நிற்பதில்லை.

முதலில் மின்தேக்கியின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்க்கலாம். 1745-46இல் வான் கிளைஸ்ட், மூசென்புரூக் ஆகிய இருவரின் கைகளில் லைடன் சாடியாகத் தோன்றிய இக்கருவியின் இலட்சிய வடிவம் மிக எளியது: இரு கடத்தித் தகடுகள், இடையே ஒரு காப்புப் பொருள். கடையில் கிடைக்கும் மின்தேக்கியோ அந்த இலட்சியத்திலிருந்து பல வழிகளில் விலகியது. மின்பகுளி வகையில் அலுமினியத் தாளின் மேல் வளர்த்த மெல்லிய ஆக்சைடுப் படலம் காப்புப் பொருளாகவும், ஈரமான மின்பகுளி மறுதகடாகவும் பணிபுரிகின்றன. சிறு உருவில் பெரிய கொள்ளளவு கிடைக்கிறது. கூடவே தொடர் மின்தடையும் கசிவும் முதுமையும் வருகின்றன. பீங்கான் வகைகளுள் சி0ஜி எனப்படுவது மிக நிலையானது. ஒய்5வி ரகமோ குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள்ளேயே தன் கொள்ளளவில் 82 விழுக்காடு வரை இழக்க இடமுண்டு. மேலும், அத்தகைய மிகுமின்காப்புப் பீங்கான்களின் கொள்ளளவு, அவற்றின் மேல் விழும் மின்னழுத்தத்துக்கேற்ப மாறுகிறது. இசை செல்லும் பாதையில் அப்படி ஒன்று இருந்தால், அது அலையின் வடிவத்தையே திரிக்கும். இதை அளந்து காட்ட முடியும். 1980இல் வால்ட்டர் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் இருவரும் 'ஆடியோ' இதழில் எழுதிய கட்டுரைகளும், இருபதாண்டுகளுக்குப் பின் சிரில் பேட்மன் 'எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட அளவீடுகளும் இவ்விவாதத்துக்கு அடித்தளம் இட்டன. ஆகவே, மின்தேக்கிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று ஏளனம் செய்வோர் அறிவியலின் பெயரால் அறிவியலைப் படிக்காமல் பேசுகின்றனர்.

ஆனால், வேறுபாடு உண்டு என்பதும், அவ்வேறுபாடு இந்தக் கருவியில், இந்த இடத்தில், இந்தக் காதுக்குக் கேட்கும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும் இடத்தில்தான் பணமும் நேர்மையும் ஒருங்கே இழக்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு போதும். டிஏசியின் வெளியீட்டில் நேர்மின்னழுத்தத்தைத் தடுக்க 10 மைக்ரோ ஃபாரட் மின்பகுளி மின்தேக்கி ஒன்று உள்ளது. அடுத்து வரும் பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம். இவ்விரண்டும் சேர்ந்து வகுக்கும் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 1.6 ஹெர்ட்ஸ். 20 ஹெர்ட்ஸில் இழப்பு 0.03 டெசிபெல்லுக்கும் குறைவு. அதைக் கழற்றிவிட்டு, புகழ்பெற்ற பாலிபுரொப்பிலின் படல மின்தேக்கியைப் போட விரும்புகிறார் மாணவர். 10 மைக்ரோ ஃபாரட் அளவில் அது பலகையை விடப் பெரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருப்பதால், 1 மைக்ரோ ஃபாரட்டோடு நிறுத்திக்கொள்கிறார். இப்போது வெட்டு அதிர்வெண் 16 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. 20 ஹெர்ட்ஸில் இழப்பு 2 டெசிபெல்லைத் தாண்டுகிறது. கேட்பவர், ஒலி தெளிந்துவிட்டது, அடித்தளத்தின் மந்தம் நீங்கிவிட்டது என்று மகிழ்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஒலி உண்மையிலேயே மாறியிருக்கக்கூடும். ஆனால் மாறியதற்குக் காரணம் பாலிபுரொப்பிலினின் மேன்மை அன்று. ஆழ்சுருதியின் ஒரு பகுதி வெட்டப்பட்டதே. ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய மின்தேக்கியும் அதே 'தெளிவை' அளித்திருக்கும்.

இதே சுற்றில் மின்பகுளி மின்தேக்கியின் மீது நேர்மையான குற்றச்சாட்டு ஒன்றும் உண்டு. 2 வோல்ட் அலை செல்லும்போது, 20 ஹெர்ட்ஸில் அந்த 10 மைக்ரோ ஃபாரட்டின் குறுக்கே ஏறத்தாழ 0.16 வோல்ட் விழுகிறது. திரிபு பிறக்க அதுவே வாய்ப்பளிக்கிறது. பொறியாளர் டக்ளஸ் செல்ஃப் நெடுநாளாகச் சொல்லிவரும் தீர்வு எளிமையானது: அதே மலிவான வகையிலேயே கொள்ளளவைக் கூட்டுக. 100 மைக்ரோ ஃபாரட் போட்டால் அந்த மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். திரிபு எழுவதற்கான காரணமும் அதனோடு சுருங்கும். இங்கே உண்மையான மேம்பாடு சில ரூபாயில் முடிகிறது. கணக்குப் போட்டவருக்கு மட்டுமே அது கண்ணில் படும்.

மின்வழங்கும் பகுதியில் நிலைமை இன்னும் கூர்மையானது. 'தொடர் மின்தடை குறைவாக இருந்தால் நல்லது' என்பது ஆர்வலர் வேதம். எல்எம்1117 என்னும் பரவலான மின்னழுத்தச் சீராக்கியின் விவரத்தாளோ, வெளியீட்டு மின்தேக்கியின் தொடர் மின்தடை 0.3 முதல் 22 ஓம் வரை இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. சில மில்லி ஓம்களே கொண்ட உயர்ரக பாலிமர் மின்தேக்கியை அங்கே பொருத்தினால், சீராக்கி நிலைகுலைந்து அலையத் தொடங்கலாம். சில்லின் காலருகே ஒட்டியிருக்க வேண்டிய சிறு பீங்கானை எடுத்துவிட்டு, நீண்ட கம்பிக் கால்களோடு பருத்த படல மின்தேக்கியை நிறுத்துவோரும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய ஒரு நானோ ஹென்றி தூண்டல் சேரும். 20 மில்லிமீட்டர் கம்பி, 100 மெகா ஹெர்ட்ஸில் 12 ஓமுக்கு மேல் தடை விதிக்கும். அதிவேக மின்னோட்டத் துடிப்புகளுக்கு அருகிருந்து ஈடுகொடுப்பதற்காக வைத்த பாகம், அவ்வேலையைச் செய்ய முடியாத தொலைவுக்குப் போய்விடுகிறது.

மாற்றமே வீண் என்பது இதன் பொருளன்று. டிஏசி சில்லின் குறிப்பு மின்னழுத்தக் காலில் உள்ள மின்தேக்கி முக்கியமானது. அங்கே நுழையும் இரைச்சல் வெளியீட்டைப் பெருக்கல் முறையில் தாக்கும். ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற டிடிஏ1541ஏ சில்லுக்கு, அதன் உள்மின்னோட்டங்களைச் சமன்செய்யும் முறையின் பொருட்டு மட்டுமே 14 மின்தேக்கிகள் தேவைப்பட்டன. அவற்றின் இடமும் தரமும் பொருட்படுத்தத்தக்கவை. முதுமையும் மெய்யானது. மின்பகுளி மின்தேக்கியின் வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் தோராய விதி. 85 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறித்த ஒன்று, 45 பாகையில் 32,000 மணி நேரம் தாங்கும்; நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்பவருக்கு அது ஏறத்தாழ 29 ஆண்டு. கோடையில் மூடிய பெட்டிக்குள் 55 பாகை ஏறினால் அதில் பாதி. ஆகவே பழைய குறுந்தட்டு இயக்கிகளில் உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றுவது பராமரிப்பு. அதற்குத் தத்துவம் தேவையில்லை. புதுக் கருவியின் புது மின்தேக்கியைக் கழற்றுவோர்தாம் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

'காது இருக்கும்போது கணக்கு எதற்கு' என்னும் வாதம் அடுத்து வரும். காது நுண்ணிய கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் மனம், எதிர்பார்ப்பதைக் கேட்கும் இயல்புடையது. 1903இல் பிரான்சின் நான்சி நகரில் இயற்பியலாளர் பிளாண்ட்லோ 'என்-கதிர்' என்று ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். வேறு பலரும் கண்டனர். 1904இல் அமெரிக்க அறிஞர் ஆர். டபிள்யூ. வுட் அவருடைய ஆய்வகத்துக்குச் சென்று, இருட்டில் கருவியின் பட்டகத்தை யாரும் அறியாமல் எடுத்துவிட்டார். பட்டகம் இல்லாத பின்னும் அவதானிப்புகள் முன்போலவே தொடர்ந்தன. பிளாண்ட்லோ மோசடிக்காரர் அல்லர், தேர்ந்த அறிஞர். தேர்ச்சி மட்டுமே எவரையும் காப்பதில்லை என்பதற்கு அவர் சான்று. மின்தேக்கி மாற்றுபவரின் நிலை இன்னும் மோசம்: பழையதைக் கேட்டதற்கும் புதியதைக் கேட்பதற்கும் இடையில் அரைமணி நேரச் சால்டரிங் வேலை கிடக்கிறது. ஒலியின் நுண்ணிய நினைவு அவ்வளவு நேரம் நிற்பதில்லை. நூறு மணி நேரம் ஓடினால்தான் ஒலி 'பழுக்கும்' என்னும் அறிவுரை சேர்ந்துகொண்டால், ஒப்பீடு என்பதே இல்லாமல் போகிறது. அந்த நூறு மணி நேரத்தில் மின்தேக்கியை விட மிகுதியாகப் பழகிக்கொள்வது கேட்பவரின் செவியே.

இதற்கு மாற்று வழி விடுதி அறையிலேயே உண்டு; பெருஞ்செலவும் இல்லை. டிஏசிக்கு இடம், வலம் என இரு தடங்கள் உள்ளன. இரண்டையும் முதலில் அளந்து குறித்துக்கொண்டு, ஒரு தடத்தில் மட்டும் மின்தேக்கியை மாற்ற வேண்டும். இரு தடங்களுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒலி அளவை 0.1 டெசிபெல்லுக்குள் சமன்செய்து, ஒரு திருகுவிசையின் மூலம் இரண்டில் ஒன்றை இரு காதுக்கும் அனுப்பலாம். நண்பர் ஒருவர் திரைக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டி விசையைத் திருப்புவார். கேட்பவர் எது எது என்று எழுதுவார். 16 முறையில் 12 சரியாக வருவது தற்செயலாக நிகழும் வாய்ப்பு 3.8 விழுக்காடு. பத்துக்கு எட்டு என்பது கேட்க அழகாக இருந்தாலும், அதன் தற்செயல் வாய்ப்பு 5.5 விழுக்காடு. பெல் ஆய்வகத்தின் மன்சன், கார்ட்னர் இருவரும் 1950இலேயே இவ்வகைச் சோதனையை விவரித்துவிட்டனர். இருபது பிராண்டுகளைச் சோதித்து, வென்ற ஒன்றை மட்டும் அறிவிப்பவர் இன்னொரு கணக்கையும் போட வேண்டும்: எதிலும் வேறுபாடே இல்லாதபோதும், 5 விழுக்காட்டு அளவுகோலில் இருபதுள் ஒன்றாவது 'வெல்லும்' வாய்ப்பு 64 விழுக்காடு. இந்த எண்ணை ஆய்வேடு எழுதும் எவரும் ஒருமுறை தம் மேசைமேல் ஒட்டிவைக்கலாம்.

இளநிலை ஆய்வு மாணவரின் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். அதுவும் பல இடங்களில் மாதந்தோறும் வருவதில்லை. அதிலிருந்து ஆயிரங்களை எடுத்து மின்தேக்கி வாங்கும் மாணவரைப் பரிகசிப்பது எளிது. அவருக்கு அந்நிலை ஏன் வந்தது என்பதே கல்வியாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி. மின்தேக்கி ஏறி இறங்கும் பரிசோதனையை அவர் பட்டப்படிப்பில் செய்திருக்கிறார். பதிவேட்டில் கையொப்பமும் வாங்கியிருக்கிறார். ஆனால் எத்தனையோ ஆய்வகங்களில் எதிர்பார்க்கும் விடை முதலில் தெரிந்துவிடுகிறது. அளவீடுகள் அதற்கேற்பப் பின்னாலிருந்து எழுதப்படுகின்றன. பொருந்தாத அளவீட்டைக் கொண்டுவந்த மாணவர் பாராட்டுப் பெறுவதில்லை. 'மறுபடி எடு' என்று திருப்பி அனுப்பப்படுகிறார். அப்படிப் பழகியவர், ஆயிரம் ரூபாய் மின்தேக்கியைப் பொருத்திவிட்டு 'எதிர்பார்த்த' தெளிவைக் கேட்பதில் வியப்பென்ன? ஆய்வகம் கற்பித்ததையே அவர் அறையில் செய்கிறார்.

ஆதலால் இப்பொழுதுபோக்கை விடுதியிலிருந்து விரட்டுவதை விட, ஆய்வகத்துக்குள் அழைப்பது நல்லது. முதுநிலை இயற்பியல், மின்னணுவியல் வகுப்புகளில் மாணவர் தம் டிஏசியைக் கொண்டுவரட்டும். துறையின் அலைவுகாட்டியில் சீராக்கி அலைகிறதா என்று பார்க்கட்டும். கணினியில் ஒலியைப் பதிவுசெய்து, மாற்றத்துக்கு முந்தையதைப் பிந்தையதிலிருந்து கழித்து, என்ன மிஞ்சுகிறது என்று காணட்டும். புள்ளியியல் துறை மாணவர் திரைக்குப் பின்னிருந்து நாணயம் சுண்டட்டும். வேறுபாடு கேட்கவில்லை என்று வந்தால், அந்த முடிவுக்கும் முழு மதிப்பெண் வழங்கப்பட வேண்டும். இவற்றுள் கடினமானது கடைசி நிபந்தனையே. ஏனெனில் எதிர்மறை முடிவுக்கு மதிப்பளிக்கும் பழக்கம் ஆசிரியர்களிடமும் ஆய்விதழ்களிடமும் அரிதாகவே உள்ளது.

கண்ணூரில் உள்ள கெல்ட்ரான் தொழிற்சாலை அலுமினிய மின்பகுளி மின்தேக்கிகளைச் செய்துவருகிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் மும்பை லாமிங்டன் ரோட்டிலும் இத்தகைய சாதாரண மின்தேக்கிகள் கைப்பிடியாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து, அதன் அளவைக் கணக்கிட்டு, பொருத்தி, அளந்து, திரைக்குப் பின்னால் கேட்டு, 'வேறுபாடு இல்லை' என்று பதிவேட்டில் நேர்மையாக எழுதும் ஒரு மாணவர், அந்தப் பலகையில் செய்யக்கூடிய மேம்பாட்டைச் செய்து முடித்தவராவார். அவருக்கு ஒலியில் கிடைத்தது ஒன்றுமில்லாமல் இருக்கலாம். அவருடைய அடுத்த ஆய்வுக் கட்டுரையை நம்பலாம்.