பிறர் குரலில் எத்தனை நாள்?

எமது நாட்டின் தமிழ்ப் பகுதிகளிலே இன்று இன்னிசை நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. கோயில் திருவிழாவா, பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவா, கடைத்திறப்பு வைபவமா, எங்கும் ஓர் இசைக்குழு. அவற்றுள்ளும் தனியொரு வகை இப்போது செழித்து வளர்கின்றது. மறைந்த பெரும் பாடகர் ஒருவரின் பெயரால் 'நினைவாஞ்சலி' என விளம்பரஞ் செய்து, அவர் பாடிய சினிமாப் பாடல்களை மட்டும், அவர் குரலைப் போலவே பாடிக் காட்டும் நிகழ்ச்சி அது. 2013 இல் மறைந்த டி. எம். சௌந்தரராஜனின் பெயராலும் 2020 இல் மறைந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் பெயராலும் இத்தகைய விழாக்கள் மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகின்றன.

அவ்விரு கலைஞரின் பெருமையில் எமக்கு ஐயமில்லை. அவர்களுடைய பாடல்கள் எம் மக்களின் சுக துக்கங்களோடு கலந்தவை. நாம் எழுப்பும் வினா வேறு. ஒரு கலைஞனுக்குச் செலுத்தும் அஞ்சலி, அவனைப்போல மூச்சு விட்டுக் காட்டுவதுதானா?

சில வாரங்களுக்கு முன்னர் எமது பகுதி மண்டபமொன்றில் நடைபெற்ற இத்தகைய நிகழ்ச்சியொன்றைக் கண்டோம். மண்டபம் நிறைந்திருந்தது. பாடிய இளைஞர் நல்ல குரல்வளமுடையவர், சுருதி பிசகவில்லை. ஆயின், அறிவிப்பாளர் அவரை எவ்வாறு புகழ்ந்தார் தெரியுமா? 'கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். அவரே வந்து பாடுகிறார் என்று எண்ணுவீர்கள்' என்றார். கரகோஷம் எழுந்தது. உயிரோடு எதிரே நிற்கும் கலைஞனைக் காணாதிருக்கும்படி சபையோரைக் கேட்பதினும் பெரிய அவமதிப்பு அவனுக்கு வேறுண்டோ? மேடையிலே கீபோட் ஒன்றும் தபேலாவும் இருந்தன. மற்றைய வாத்தியங்களெல்லாம் முன்னரே பதிவு செய்யப்பட்ட ஒலியாக ஒலிபெருக்கியினூடே வந்தன. மூன்று மணித்தியாலம் பாடிய அவ்விளைஞரின் பெயரை, கலைந்து சென்றவர்களுள் ஒருவரேனும் உச்சரிக்க நாம் கேட்டிலோம்.

'கருநாடக இசைவாணரும் தியாகராசர் கீர்த்தனைகளைத்தானே பாடுகின்றனர்? அதை மட்டும் கலை என்பீர், இதைப் போலி என்பீரோ?' எனச் சிலர் வாதிடுவர். வாதம் மேலோட்டமானது. கீர்த்தனை பாடுவோன் தன் மனோதர்மத்தைக் காட்டியாக வேண்டும். ஆலாபனையிலும் நிரவலிலும் கற்பனைச் சுரத்திலும் அவன் யாரென்பது வெளிப்படுகின்றது. நினைவாஞ்சலிப் பாடகனுக்கோ தான் வெளிப்படாமையே தேர்ச்சி. அசலில் இல்லாத ஒரு சிறு கமகத்தைச் சேர்த்தானாயின் அது பிழையென்று கணிக்கப்படும். முன்னையது வாரிசுரிமை, பின்னையது பகர்ப்பு.

இவ்வேறுபாட்டை விளக்க எமது மண்ணிலேயே சான்றுண்டு. தவில் எமக்குத் தமிழகத்தோடு பொதுவான வாத்தியம். அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) அவ்வாத்தியத்திலே அடைந்த தேர்ச்சியைக் கண்டு தமிழக வித்துவான்களே வியந்தனர். அங்குள்ள பெரும் நாதஸ்வர வித்துவான்கள் தம்முடன் வாசிக்க அவரை விரும்பி அழைத்தனர். எதற்காக? அவர்களுள் ஒருவரைப்போல வாசித்தார் என்பதற்காகவா? தமக்கென ஒரு கையும் கணக்கும் கொண்டிருந்தார் என்பதற்காக. கற்பது வேறு, நகல் செய்வது வேறு.

'மக்கள் இதைத்தானே விரும்புகின்றனர்' என்பது ஒழுங்கமைப்பாளரின் வேதவாக்கு. மக்களின் தலையிலே பழியைச் சுமத்துவது வியாபாரிகளுக்கு என்றும் எளிது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் இந்நாட்டுப் பேச்சு வழக்கிலே பொப் இசைப் பாடல்களைப் பாடியபோது மக்கள் காதைப் பொத்திக்கொண்டார்களா? பஸ் வண்டியிலும் கலியாண வீட்டிலும் அவற்றைப் பாடி ஆடினார்கள். இலங்கை வானொலியின் மெல்லிசை நிகழ்ச்சிகளுக்கு இந்நாட்டுக் கவிஞர் பாடல் எழுதினர், எம். கே. றொக்சாமி, யாழ்ப்பாணம் கண்ணன் போன்றோர் இசை அமைத்தனர். கேட்கக் கிடைத்தபோது மக்கள் கேட்டனர். கிடைக்காத பொருளை விரும்பவில்லையென்று எவ்வாறு தீர்ப்பளிப்பது?

சிங்கள சகோதரரின் அனுபவமும் எமக்குப் பாடமாகும். தொடக்ககாலச் சிங்களப் படங்கள் பலவும் இந்திய மெட்டுக்களையே இரவல் கொண்டன. லக்னோவிலே இந்துஸ்தானி இசை கற்றுத் தேறிய சுனில் சாந்த, அவ்விசையின் வாய்ப்பாட்டுக்கு அடங்காத ஒரு சிங்கள இசையை நாடினார். 1952 இல் இரத்தன்ஜன்கர் என்னும் இந்திய இசையறிஞரை அழைத்து இலங்கை வானொலி தன் கலைஞரைத் தரம்பிரிக்க முற்பட்டபோது, அத்தேர்வுக்குத் தோன்ற மறுத்தார். வானொலி வாய்ப்பையும் இழந்தார். எனினும் 1956 இல் வெளிவந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' திரைப்படத்துக்கு இசையமைத்தவர் அவரே. சொந்தக் குரலைத் தேடுவோன் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அவ்விலையைச் சிலராவது கொடுக்காவிடின் ஒரு சமூகத்துக்கு இசை எங்கிருந்து வரும்?

'ஏழைக் கலைஞரின் வயிற்றில் அடிக்காதீர்' என்பாருமுளர். அவர்களுடைய பிழைப்பைப் பற்றிய கவலை எமக்கும் உண்டு. அதனாலேயே இதனை எழுதுகின்றோம். நகல் செய்வோனின் சந்தைப் பெறுமதி யாது? அவனிலும் சற்று நெருக்கமாக நகல் செய்யக்கூடிய இன்னொருவன் தோன்றும் நாள் வரை அவனுக்கு மேடை உண்டு. அசலோ கைத்தொலைபேசியில் எந்நேரமும் கிடைக்கின்றது. பதிவு செய்த ஒலித்தடம் வந்ததும் வயலின்காரரும் புல்லாங்குழற்காரரும் மேடையை விட்டு இறக்கப்பட்டனர். இந்தப் பாதை கலைஞனின் வயிற்றை நிரப்பும் பாதையன்று.

பாடலைப் படைத்தவனின் உரிமையையும் இவ்விழாக்கள் எண்ணுவதில்லை. 2017 மார்ச் மாதத்திலே, தம் பாடல்களை அனுமதியின்றி மேடையிற் பாடலாகாதென இளையராஜா சட்ட அறிவித்தல் அனுப்பினார். யாருக்கு? அப்பாடல்களைப் பாடிப் புகழ்பெற்ற பாலசுப்பிரமணியத்துக்கே. அவ்வழக்கின் நியாயம் எப்பக்கமாயினும் ஆகுக. அசற் குரலுக்கே அனுமதி தேவையென்றால் நகற் குரலின் நிலை என்ன? எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் பொதுமேடையில் நிகழ்த்தும் உரிமையை ஆக்கியோனுக்கே அளிக்கின்றது. அஞ்சலிப் பதாகையிலே பாடகரின் படம் பத்தடி உயரத்துக்கு இருக்கும். பாடலை எழுதியவரின் பெயரும் இசையமைத்தவரின் பெயரும் மூலையிற்கூட இரா.

எனவே சினிமாப் பாடல்களைத் தடை செய்க என்கிறோமா? அன்று. அவற்றைப் பாடுக, பாடுவோன் தன் குரலிலே பாடுக. எழுதியவரையும் இசையமைத்தவரையும் பெயர் சொல்லிப் பாடுக. மூன்று மணித்தியால நிகழ்ச்சியிலே ஒரு மணித்தியாலத்தை இம்மண்ணிற் பிறந்த பாடல்களுக்கு ஒதுக்குக. ஒருவரோடொருவர் போட்டியிட்டு இசைக்குழுக்களை அழைக்கும் திருவிழா உபயகாரர் இதனை ஒரு நிபந்தனையாக விதித்தாற் போதும். அடுத்த திருவிழாவுக்குள் மாற்றம் தெரியும். பாடசாலைகளிலே தமிழாசிரியரிடம் கவிதை எழுதும் மாணவர் இருக்கின்றனர். அடுத்த வகுப்பறையிலே சங்கீத ஆசிரியர் இருக்கின்றார். இருவரையும் ஒன்றுசேர்க்க எவருடைய அனுமதி வேண்டும்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு விபுலாநந்தர் நிறுவகத்திலும் இசை பயின்று பட்டம் பெறுவோர் பிறர் குரலுக்கு வேடமிடத்தானா ஆண்டுக்கணக்காகப் பயில்கின்றனர்?

சௌந்தரராஜனும் பாலசுப்பிரமணியமும் தத்தம் குரலிலே பாடியதனாலேயே நாம் இன்றும் அவர்களை நினைக்கின்றோம். அவர்களை மெய்யாக மதிப்போர் அந்த ஒரு பாடத்தையாவது அவர்களிடமிருந்து கற்றல் வேண்டும். மேடையை ஆள்வோர் அதற்கு இடமளிப்பார்களா? அளிக்காவிடின், கேட்டு வாங்கும் பொறுப்பு சபையிலே அமர்ந்திருக்கும் எம் ஒவ்வொருவரையும் சார்ந்ததாகும்.