ட்ரைவருக்கு ஆர் பொறுப்பு?

"கோட் திறந்துதானே கிடக்குது, அது எப்பவும் இருக்கும்." ஓபன் சோர்ஸ் பற்றிக் கதைக்கிற பலர் இப்படிச் சொல்வார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கோட் கிடக்கும், வேலை செய்யுமா என்பது வேறு கதை. லினக்ஸ் கேர்னலின் ஒரு மூலையைப் பாருங்கோ: பல சீரியல் போர்ட் உள்ள கார்ட்டுகளின் ட்ரைவர்கள்.

சீரியல் போர்ட் பழைய விசயம். ஆர்எஸ்-232 தரம் வந்தது 1960இல். ஆனால் தொழிற்சாலை மெஷின், லாப் கருவி, சேர்வர் கொன்சோல் என்று இன்றைக்கும் அதால்தான் கதைக்கிற சாமான் நிறைய. எட்டு, பதினாறு போர்ட் வேண்டுமென்றால் கணினிக்குத் தனிக் கார்ட் போட வேண்டும். அந்த எட்டுக்கும் பெரும்பாலும் ஒரே இன்டரப்ட். ஒரு வீட்டில் எட்டு அறை, ஒரே மணி என்று வையுங்கோ. மணி அடித்தால் எந்த அறை கூப்பிட்டது என்று ட்ரைவர் ஒவ்வொன்றாய்ப் போய்ப் பார்க்க வேண்டும். 16550 சிப்பில் வருகிறதைப் பிடித்து வைக்க 16 பைட் இடம்தான். பிந்தினால் டேட்டா கொட்டுண்டு போகும்.

இதை எழுதுவது ஒரு பாடு. எழுதின பிறகு வருவதுதான் பெரிய பாடு. மேலே ஓடுகிற மென்பொருளை உடைக்கக்கூடாது என்பதில் கேர்னல்காரர் பிடிவாதம். உள் ஏற்பாடுகளை மட்டும் தேவைப்படும்போதெல்லாம் மாற்றுவார்கள். மாற்றுகிறவரே உள்ளே இருக்கிற ட்ரைவர்களையும் சேர்த்துத் திருத்த வேண்டும். கம்பனி தன்பாட்டில் வெளியே வைத்திருக்கிற ட்ரைவரை அவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஆக, உள்ளே இருப்பது நல்லம். ஆனால் திருத்துகிறவர் கையில் அந்தக் கார்ட் அனேகமாக இருக்காது. கொம்பைல் ஆகுது, சரி, அடுத்தது. பத்து வருசம் இப்படிப் போனால் அது ஓடுமா என்று ஆருக்குத் தெரியும்?

எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்ல, கேர்னலில் மெயின்டெய்னர்ஸ் என்றொரு பைல் இருக்கிறது. பொறுப்பாளர் இல்லாவிட்டால் அங்கே எழுதுகிற சொல் 'ஓர்ஃபன்'. அநாதை. (கலைப்பீடத்துக்காரருக்கு இது கண்ணில் குத்தாமல் விடுமா?) 2021இல் சைக்லேட்ஸ் கார்ட்டின் ட்ரைவரை நீக்கினபோது, அந்த மாற்றத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது.

நீக்கினது சரி என்பதே எங்கட கருத்து. சோதித்துப் பார்க்க ஆளில்லாத கோடை வைத்துக்கொண்டு 'ஆதரவு உண்டு' என்று காட்டுவது பொய். ஆனால் நீக்குவதும் லேசான வேலையில்லை. ட்ரைவரோடு அதன் ஹெடர் பைலையும் தூக்கினார்கள். பார்த்தால், ஜிசிசி கொம்பைலரோடு வருகிற சனிடைசர் நூலகத்துக்கு அந்தப் பைல் தேவைப்பட்டது. பில்ட் உடைந்தது. 2022இல் ஹெடரின் ஒரு பகுதியை, உள்ளே ஒரு எச்சரிக்கையும் போட்டு, திருப்பிக் கொண்டுவந்தார்கள். செத்தவீட்டுக்கு வந்து கடன் கேட்ட மாதிரி.

கார்ட் விற்கிற கம்பனிகள் கோடைக் கொடுத்துவிட்டு ஓடாமல், பெயர் போட்டு ஒரு ஆளையும், திருத்துகிறவர்களுக்கு இரண்டு கார்ட்டையும் கொடுக்க வேண்டும். எங்களிடமும் கேள்வி இருக்கிறது. ஹக்கத்தான் வைத்தால் பரிசு புதிதாய் ஒன்றைச் செய்தவருக்குத்தான். மற்றவர் எழுதிவிட்டுப் போனதை மினக்கெட்டு ஓட வைத்தவருக்கு ஒரு பரிசை நாங்கள் இன்னும் காணவில்லை. அடுத்த முறை நடுவர்கள் ஒரு பழைய கோடைக் கையில் தந்து, "இதை ஓட வையுங்கோ" என்று சொல்லட்டும். ஆர் வருகினம் என்று பார்ப்பம்.