அடுப்புடன் ஓர் அறை

பார்சலோனா நகருக்குச் செல்லும் நம் குடும்பங்கள் அங்கே முதலில் தேடுவது, சக்ராதா ஃபமீலியா என்னும் திருக்குடும்பப் பேராலயத்தை. அடுத்துத் தேடுவது சோற்றை. முன்னதை அதன் கோபுரங்களே தொலைவிலிருந்து காட்டிக் கொடுத்துவிடும். பின்னதுதான் தொல்லை. அந்நாட்டவர் பகலுணவைப் பிற்பகல் இரண்டு மணி அளவிலும், இரவுணவை ஒன்பது மணிக்கு மேலும் உண்பவர்கள். பன்னிரண்டரைக்கே பசியென்று அழும் பிள்ளையையும், ஏழரைக்குள் உண்டு மாத்திரை விழுங்கவேண்டிய பாட்டியாரையும் உடன் வைத்துக்கொண்டு, உணவகக் கதவு எப்போது திறக்குமெனத் தெருவில் காத்து நிற்பது தவம் ஆகாது, வெறும் துன்பமே.

இத்தகைய குடும்பங்களுக்குப் பொருந்துவது ‘அபார்ட்ஹோட்டல்’ எனப்படும் விடுதி. வரவேற்பு மேசை, துப்புரவுப் பணியாளர் ஆகியவற்றில் அது மற்ற விடுதிகளைப் போன்றதே. ஆனால் ஒவ்வோர் அறையிலும் சிறு சமையலிடம் ஒன்று இருக்கும்: இரண்டு மின்னடுப்புகள், ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி, சில பாத்திரங்கள், தங்குவோர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தட்டுகள். துவாலையும் விரிப்பும் நாள்தோறும் மாற்றப்படும் என எதிர்பார்த்தல் வேண்டா. எச்சில் தட்டைக் கழுவுவதும் பெரும்பாலும் நம் பொறுப்பே. அடுப்பு ‘இண்டக்‌ஷன்’ வகையாயின், ஊரிலிருந்து சுமந்து சென்ற அலுமினியக் குக்கர் பயன்படாது. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடேறுவதில்லை.

இவ்விடுதிகளுள் பல, பழைய நகரத்தின் நெரிசலிலிருந்து விலகியே அமைந்திருக்கின்றன. கடலோரத்தில் உள்ள பொப்லெனோ பகுதியை எடுத்துக்கொள்வோம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் அது பஞ்சாலைகள் நிறைந்த தொழிலாளர் குடியிருப்பு. ஆலைகள் மூடிய பின்னும் செங்கல் புகைபோக்கிகள் சில இன்றும் தனித்து நிற்கின்றன. 2000ஆம் ஆண்டில் நகராட்சி வகுத்த திட்டத்தின்படி, ஆலைகள் இருந்த நிலத்தில் அலுவலகங்களும் விடுதிகளும் எழுந்தன.

“அவ்வளவு தொலைவிலா தங்குவது?” என்று முகம் சுளிப்போர் ஒன்றை அறிதல் நலம். 1882 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று, திருக்குடும்பப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அவ்விடமும் பார்சலோனா நகரத்தைச் சேர்ந்ததன்று. சான் மார்த்தி தெ ப்ரொவென்சால்ஸ் என்னும் தனி ஊராட்சியின் வயல்வெளியே அது. பொப்லெனோவும் அதே ஊராட்சிக்கு உட்பட்டிருந்தது. 1897இல்தான் அவ்வூர் நகரத்துடன் இணைக்கப்பட்டது. இன்று உலகமே வந்து குவியும் இடம் அன்று ஊர்ப்புறம்!

தொலைவும் அப்படியொன்றும் பெரிதன்று. மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடத்தில் பொப்லெனோவில் ஏறினால், ஐந்தாவது நிலையத்தில் பழைய நகரத்தின் நடுவே இறங்கலாம். சீட்டு வாங்குவதில் மட்டும் கவனம் தேவை. ‘டி-காஷுவல்’ என்னும் பத்துப் பயணச் சீட்டை 2020 முதல் ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். கணவனும் மனைவியும் ஒன்றையே மாற்றி மாற்றி நீட்ட இயலாது. எட்டுப் பயணங்களுக்குரிய ‘டி-ஃபமிலியார்’ சீட்டைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம்.

சரி, அடுப்புக்கு வருவோம். என்ன சமைப்பது? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியோ பால்பொருளோ கொண்டுசெல்லத் தடை உண்டு. ஆகவே நெய்ப் புட்டி வீட்டிலேயே இருக்கட்டும். 2019 டிசம்பர் முதல் பச்சை இலை, காய், கனிகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். நம் கறிவேப்பிலைக்கு நுழைவு இல்லை. ஆனால் சான்றிதழ் தேவைப்படாத ஐந்து கனிகளுள் தேங்காயும் வாழைப்பழமும் உள்ளன என்பது வியப்பே! மீனுக்குத் தனி விதி, அளவோடு கொண்டுசெல்லலாம். அதற்காகக் கருவாட்டை அங்கே வறுக்கத் துணியற்க. கூரையிலுள்ள புகையுணர்கருவி அலறினால் மாடி முழுவதும் படியிறங்க நேரும். அரிசியும் பருப்பும் அங்கேயே கிடைக்கும். மசாலைப் பொருள்களுக்கு ரவால் பகுதியில் பாகிஸ்தானியரும் வங்கதேசத்தவரும் நடத்தும் கடைகள் உள்ளன. சனிக்கிழமை மாலையிலேயே வாங்கிவிடுக. ஞாயிறன்று சந்தையும் பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும். கோடையில் சுற்றுலாப் பகுதிகளில் மட்டும் சில திறந்திருக்கும்.

இனி, இப்பகுதியில் நான் சொல்ல விரும்பியது. அறையில் அடுப்பு உண்டு என்று கேட்டதும் குடும்பத் தலைவர்கள் முகம் மலர்கிறார்கள். செலவு குறையும் என்கிறார்கள். உண்மையே. ஆயினும் அம்மலர்ச்சி எனக்குச் சற்று ஐயத்தைத் தருகிறது. ஆண்டு முழுதும் ஊரில் எந்த அடுப்பின்முன் நின்றாரோ, அதே போன்ற அடுப்பின்முன் நிற்பதற்காகவா இல்லத்தரசியார் எண்ணாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தார்? காலையில் மற்றவர் குளித்து முடிக்குமுன் சிற்றுண்டி. இரவில் கால்வலியோடு திரும்பிய பின் சோறு, குழம்பு, பாத்திரம். குறைந்த செலவு என்று நாம் கணக்கெழுதும் தொகையை உண்மையில் செலுத்தியவர் யார்?

வழி உண்டு. பணிநாள்களில் பகல் வேளையில் பொப்லெனோ போன்ற இடங்களில் ‘மெனு தெல் தீயா’ என்னும் அன்றைய சாப்பாடு கிடைக்கும்: முதல் உணவு, இரண்டாம் உணவு, இனிப்பு அல்லது பழம், ரொட்டி, பானம் அனைத்துக்கும் சேர்த்து ஒரே விலை. அருகிலுள்ள அலுவலகத்தார் நாள்தோறும் உண்பதாகையால் பயணிகளுக்கென விலையேற்றி விற்பது குறைவு. பகலில் அங்கே வயிறார உண்டுவிட்டால், இரவுக்குக் கஞ்சியும் துவையலும் போதும். அதைத் தந்தையும் பிள்ளைகளும் ஆக்கட்டும். பதினேழு வயது மகன் கஞ்சி காய்ச்சக் கற்றால் கையொன்றும் தேய்ந்துவிடாது. அந்நேரத்தில் தாயார் ராம்ப்லா தெல் பொப்லெனோ என்னும் மரநிழற் சாலையில் அமர்ந்து, கோரையினத்துக் கிழங்கை அரைத்தெடுத்த ‘ஒர்ச்சாத்தா’ பாலைக் குளிரக் குளிரப் பருகலாம்.

மற்றொன்று அங்குள்ள குடும்பங்களைப் பற்றியது. ஏறத்தாழ 17 லட்சம் மக்கள் வாழும் அந்நகரில், குடியிருப்பு வீடுகளே பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்படுவது பெருகிற்று. பத்தாண்டுகளில் வாடகை 68 விழுக்காடு உயர்ந்தது என நகரத் தலைவர் ஜாவுமா கொல்போனி 2024 ஜூனில் கூறி, உரிமம் பெற்ற அத்தகைய 10,101 வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே தெருவில் இறங்கிய மக்களுள் சிலர், உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் நீர் பீச்சினர். நீர்தான், ஆயினும் அதன் பொருள் விளங்காமற் போகாது. பிறந்து வளர்ந்த தெருவில் தன் மகளுக்கு ஒரு வீடு கிடைக்காத தாயின் சினம் அது. நள்ளிரவில் உருளைப் பெட்டிகள் படிகளில் இடிபடும் ஓசையைக் கேட்டுக்கொண்டே உறங்கியவர் அவர்.

அபார்ட்ஹோட்டல் சட்டப்படி விடுதி வகையைச் சேர்ந்தது; அந்த 10,101இல் அடங்காது. அதனால் அது குற்றமே அற்றது என நான் சான்று எழுதவில்லை. வீடு எழும்பியிருக்கக்கூடிய மனையில் விடுதி எழுவதும் இழப்பே. எனினும், நகர நடுவில் புதிய விடுதிகள் பெருகாதவாறு 2017இல் நகராட்சி ஒரு திட்டம் வகுத்து, வளர்ச்சியை ஓரளவுக்கு வெளிப்பகுதிகளுக்கே ஒதுக்கியது. குடியிருந்தவரை வெளியேற்றிய வீட்டில் படுப்பதைவிட, விடுதியாகவே கட்டப்பட்ட கட்டடத்தில் தங்குவது மேல் என்பது என் துணிபு.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. அங்கே பயணிகளுக்கு விடப்படும் வீடுகளின் பதிவெண், ‘எச்.யு.டி.பி.’ என்னும் நான்கு எழுத்துகளுடன் தொடங்கும். விளம்பரத்திலேயே அது குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. பணம் கட்டுமுன் அதைத் தேடிப் பாருங்கள். கூடவே, அறையில் தட்டுகள் எத்தனை, அடுப்பு எவ்வகை, சுற்றுலா வரி வாடகையில் சேர்ந்ததா அன்றித் தனியா என்பனவற்றையும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.