மனை வாங்குவோர் கேளாத கேள்வி

சேரப்பணஞ்சேரியில் மனை வாங்க வருவோர் சட்டம் அறியாதவர் அல்லர். பட்டா யார் பெயரில் உள்ளது, வில்லங்கச் சான்று எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பனவற்றைத் தேநீர்க் கடை வாசலிலேயே விசாரித்துவிடுவர். ஒரகடத்துத் தொழிற்சாலைகளை நம்பி வண்டலூர் – வாலாஜாபாத் சாலையின் இருமருங்கிலும் குடியேறிய நாம் அனைவரும் இவ்வகை அறிவில் தேர்ந்தவர்களே. நம் உடைமையைக் காக்கும் சட்டங்கள் நமக்கு மனப்பாடம். நம் கையைக் கட்டும் சட்டம் ஒன்றும் உண்டு. அதை எவரும் விசாரிப்பதில்லை.

சென்ற கோடையில் நம் வீட்டு மலக்குழி நிரம்பியது. கழிவுநீர் லாரி வந்தது. மேலிருந்த நீரைக் குழாய் உறிஞ்சிவிட்டது. அடியில் இறுகிய கசடு அசையவில்லை. லாரியோடு வந்த இளைஞர் சட்டையைக் கழற்றியவாறே, "சார், கெட்டியா நிக்குது. நான் எறங்கிக் கிளறி விட்டுடறேன். அஞ்சு நிமிஷம்தான்" என்றார். நாம் உடனே மறுத்தோம் என்று எழுத ஆசைதான். ஆனால், அதற்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்பார் என்பதே முதலில் மனத்தில் எழுந்தது. பிறகுதான் 2022 அக்டோபரில் திருப்பெரும்புதூர் அருகே ஒரு தனியார் விடுதியின் மலக்குழியில் மூவர் மாண்ட செய்தி நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றோம். தண்ணீர் ஊற்றி, நீண்ட கழியால் மேலிருந்தே கலக்கி எடுக்க மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவே.

அன்று நம்மைத் தடுத்தது அச்சமே. சட்ட அறிவு அன்று. பின்னரே தேடிப் படித்தோம். கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் உள்ளது. உரிய கருவிகளும் பாதுகாப்பும் இன்றி மலக்குழியையோ சாக்கடையையோ மனிதரைக் கொண்டு துப்புரவு செய்விப்பதை அதன் 7ஆம் பிரிவு தடுக்கிறது. ஒப்பந்தக்காரரையும் நகராட்சியையும் மட்டுமன்றி 'எந்த நபரையும்' அத்தடை கட்டுப்படுத்தும். அதாவது வீட்டுக்காரரையும். முதற்குற்றத்திற்கு ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம் இது. 2014இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது.

'அவராகத்தானே இறங்கினார்' என்பர் சிலர். ஐந்நூறு ரூபாய் தேவைப்படுபவரின் சம்மதம் எத்தகைய சம்மதம் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். மேலும், குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் சாய்கிறார். அவரைத் தூக்கப் போகும் அடுத்தவரும் அவர்மேலேயே விழுகிறார். ஐந்து நிமிடம் என்பது அங்கே நெடும்பொழுது.

வகுப்பில் ஆசாரக்கோவை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றைக் கவனிக்கிறோம். வழி, நீர்த்துறை, நிழல், கோயில், பயிர் எனப் பத்து இடங்களை எண்ணி, அங்கெல்லாம் உமிழவும் மலம் கழிக்கவும் கூடாது என்கிறார் பெருவாயின் முள்ளியார். பொது இடத்தின் தூய்மை பற்றி அத்துணை நுட்பமாகச் சிந்தித்த மரபு நம்முடையது. ஆயினும், கழித்ததை அகற்றுபவர் யார் என்ற வினா அப்பாட்டில் இல்லை. அந்த வினாவைச் சாதியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூய்மை பேசியவர்கள் நாம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது அந்த விடுபட்ட வினாவைத்தான்.

செய்யக்கூடியவை எளியனவே. தொட்டியின் மூடியைச் சிமெண்டு பூசி மறைக்காமல், குழாய் எட்டும்படி அமைக்கலாம். கசடு இறுகும் வரை காத்திராமல் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை அகற்றலாம். அறைகளை வாடகைக்கு விடுவோர், இருவருக்கான தொட்டியில் இருபதுபேர் சுமையை ஏற்றாதிருக்கலாம். லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்கலாம். நம் ஏரியில் என்றால் நாம் குடிக்கும் நீரில் என்று பொருள்.

இவற்றைப் பேச ஓர் அவையும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் தந்த கிராம சபை, 2022க்குப் பின் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுவதற்கு உரியது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். புதிய குடியிருப்புகளிலிருந்து அங்கே செல்வோர் மிகச் சிலரே. நாமும் நெடுநாள் சென்றதில்லை. அடுத்த கூட்டத்திற்குச் செல்ல எண்ணியிருக்கிறோம், ஒரே ஒரு கேள்வியோடு: இவ்வூரில் மலக்குழிக்குள் மனிதர் இறங்கமாட்டார் என்று தீர்மானம் எழுதலாமா?