அம்பாசடருக்குத் தேய்த்த கை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோயமுத்தூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சி கிடைக்கும். ஒரு பக்கெட், ஒரு மக், லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் ஆசாமி, எதிரே அவருடைய கார். பானெட்டைத் துடைக்கும்போது கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம். சக்கரத்துக்கு வந்ததும் மனிதர் மாறிவிடுகிறார். முதலில் தேங்காய் நார். அழுக்கு அசையவில்லையா, பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார். அதற்கும் மசியவில்லை என்றால் பட்டறையிலிருந்து கம்பி பிரஷ் வருகிறது.

கம்பி பிரஷ்ஷுக்கு இந்த ஊரில் தனி மரியாதை. ஃபவுண்டரியில் வார்ப்பில் ஒட்டிய மண்ணை உதிர்ப்பது அதுதான். மோட்டார் பம்ப்பின் துருவைச் சுரண்டுவதும் அதுதான். தேங்காய் நாரோ, பக்கத்துப் பொள்ளாச்சியின் சொத்து. கிரைண்டர் கல்லை அதால் தேய்த்துக் கழுவித்தான் நாம் வளர்ந்தோம். அது கருங்கல்; யானை வந்து தேய்த்தாலும் தாங்கும். அப்புறம் வந்தது அம்பாசடர். அதன் சக்கரம் இரும்புத் தகடு, மேலே ஒரு வீல் கப். கீறல் விழுந்தால் ஒரு சின்ன டப்பா பெயின்ட்டோடு விவகாரம் தீர்ந்தது. அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. அதற்குத் தேய்த்த கை மட்டும் இன்னும் நிற்கவில்லை.

இன்றைக்குப் பல கார்களில் இருப்பது அலாய் வீல். அலுமினியக் கலவை, அதன் மேல் பெயின்ட், அதற்கும் மேல் கண்ணாடி போல ஒரு லாக்கர் பூச்சு. பளபளப்பெல்லாம் இந்தப் பூச்சின் கைங்கரியம். அதன் தடிமன் சுமாராக ஒரு தலைமுடி அளவு. கம்பி பிரஷ்ஷை வைத்து ஒரு நிமிஷம் ஆவேசமாகத் தேய்த்தால் போதும், பூச்சு கிழிந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மழைக்காலம் போனபிறகு, பூச்சுக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் கிளம்பும். உள்ளே தண்ணீர் புகுந்து அலுமினியம் அரிக்கிற அடையாளம். முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய 'டயமண்ட் கட்' வீல் என்றால் இன்னும் கஷ்டம். டச்-அப் எல்லாம் எடுபடாது, திரும்ப லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். லேத்துக்கா நம்ம ஊரில் பஞ்சம் என்பீர்கள். ஒவ்வொரு தடவை கடையும்போதும் உலோகம் குறைகிறது, சாமி. ஓரிரண்டு தடவைக்கு மேல் அந்த வேலை நடக்காது.

"ஏனுங் தம்பி, சக்கரங்கறது சேத்துல ஓடற சாமான். அதுக்குப் போயி முந்நூறு ரூவாய்க்குப் பிரஷ்ஷா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அண்ணன்.

சேறு பிரச்னை இல்லைங்கண்ணா, தண்ணீர் அடித்தால் போய்விடும். விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கிற அந்தக் கறுப்புப் பொடி பிரேக்கிலிருந்து வருவது. பிரேக் போடும்போதெல்லாம் பேடும் இரும்பு டிஸ்க்கும் உரசி, சூடாகப் பொடி பறக்கிறது. அதில் இருக்கிற இரும்புத் துகள் பூச்சில் பதிந்து, பிறகு துருப்பிடித்துப் பழுப்பாகிறது. முன் சக்கரம் மட்டும் ஏன் கரிச்சட்டியாக இருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்பக்கத்துக்குத்தான். பின்னால் டிரம் பிரேக் என்றால் பொடி பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

அதனால் முதல் வேலை தண்ணீர், பிரஷ் அப்புறம். பொடியை ஊறவைத்து அடித்துத் தள்ளாமல் தேய்த்தால், எவ்வளவு மெத்தென்ற பிரஷ்ஷும் உப்புத்தாள்தான். காய்ந்த பொடியைத் தட்டவும் வேண்டாம். அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்போதையதாகவே இருந்தாலும் அது நுரையீரலுக்குப் போகவேண்டிய சரக்கல்ல.

கடையில் பிரஷ் வாங்கும்போது முதலில் நாரைப் பார்க்காதீர்கள், இரும்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஸ்போக்குக்கு நடுவே விட்டுக் குடைகிற நீள பிரஷ், முறுக்கின கம்பியில்தான் செய்திருப்பார்கள். அதன் நுனியில் ரப்பர் மூடி இல்லை என்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷிலும் இதே வில்லங்கம் உண்டு. நைலான் நார் என்றால் நுனி பிளந்து பஞ்சு மாதிரி இருக்கவேண்டும். வெட்டின கட்டை போல நிற்கக்கூடாது. நட் குழிகளுக்குப் பெயின்ட் கடை பிரஷ்ஷே போதும், கழுத்திலுள்ள தகரப்பட்டைக்கு மட்டும் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். (அதில் நல்ல ரகம் பன்றி முடி. பூஜை வீட்டில் இந்தத் தகவலைப் பரப்பவேண்டாம்.)

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. பரணில் பழைய பாட்டு சி.டி. ஒன்று நிச்சயம் கிடக்கும். அதன் பளபளக்கிற பக்கத்தை நனைத்து, பிரஷ்ஷால் இருபது தடவை தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சி.டி. சுலபமாகக் கீறல் விழுகிற சமாசாரம். அதுவே தப்பித்தால் வீலுக்குப் பயமில்லை. பிரஷ் மட்டும் தனி பக்கெட்டில் இருக்கட்டும். வீல் தேய்த்ததை பானெட்டுக்குக் கொண்டுபோனால் இரும்புப் பொடியும் கூடவே வரும்.

சில இடங்களில் "ஒரு தெளி தெளிச்சா போதுங்க" என்று பெயர் ஒட்டாத கேனை எடுப்பார்கள். உள்ளே ஆசிட் இருக்கலாம். வீல் கழுவுகிற சில கடுமையான திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் உண்டு. தோலில் பட்டால் சில சமயம் உடனே எரிச்சல்கூடத் தெரியாது. மெல்ல உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வீலைவிட, கையுறைகூட இல்லாமல் அதைத் தெளிக்கிற அந்தப் பையனை நினைத்துத்தான் எனக்குப் பதைப்பு. ஷாம்புத் தண்ணீரே போதும் என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்த கையோடு தண்ணீர் பீய்ச்சாதீர்கள். கொதிக்கிற டிஸ்க் கோணிக்கொள்ளக்கூடும், ஆறட்டும். ஆழ்குழாய் உப்புத்தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் துணியால் ஒற்றிவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் பொட்டு விழும். பளபளப்புக்கு என்று எண்ணெயோ பாலிஷோ அடிக்கிற ஆசை வந்தால், டிஸ்க் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது. எண்ணெய் பட்ட பிரேக் சரியாகப் பிடிக்காது.

கடைசியாக, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் காரை மெதுவாக உருட்டி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்தி ஈரத்தை ஓட்டிவிடுங்கள். சந்தனமும் குங்குமமும் அப்புறம். எலுமிச்சம்பழம் நாலும் அதற்கும் அப்புறம்.